நூர் அகமது சோதிக்காமல் விட்ட பானை

தலைமை தாங்கும் நகர்மன்ற உறுப்பினர் பெருமாள்சாமி அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, தண்ணீர் பிடிக்கிற நேரத்தையும் விட்டுவிட்டு இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் தாய்மார்களே! ஹெல்த் விசிட்டர் ஜெயமேரியின் வணக்கம்.

நகராட்சியின் தண்ணீர்ச் சோதனையாளர் நூர் அகமது அண்ணனும் நானும் பதினோரு வருடம் இந்த ஊர்த் தெருக்களில் ஒன்றாக நடந்தோம். அவர் கையில் மரப்பெட்டி. அதற்குள் பஞ்சு அடைத்த பாட்டில்கள். "பாட்டில் பாய் வாராரு!" என்று பிள்ளைகள் கூவும். குழாயின் வாயை ஸ்பிரிட் விளக்கில் சுட்ட பிறகுதான் தண்ணீர் பிடிப்பார். "குழாய்க்குச் சூடு போடுறீங்களே பாய், அது என்ன குத்தம் பண்ணுச்சு?" என்பார்கள் பெண்கள். அண்ணன் சிரிப்பார். அந்தச் சிரிப்பை இனி எந்தத் தெருவில் போய்ப் பார்ப்பேன்!

தவறே செய்யாத மனிதர் என்று சற்று முன் அவரைப் புகழ்ந்தார்கள். இல்லை! ஒரு தவறு செய்தார். அதைச் சொல்லாமல் நான் இறங்கினால் அவரே என்னை மன்னிக்க மாட்டார்.

ஐம்பத்தெட்டாம் வருடக் கோடை. நத்தம் ரோட்டுக்குப் பின்னால் ஒரு தெரு. எல்லோரும் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் பொதுக் கிணற்றைச் சோதித்தார். கெட்ட தண்ணீர் என்றால் பாட்டிலில் இருக்கும் ஊதா மருந்து மஞ்சளாகும், ஆகவில்லை. "கிணறு சுத்தமா இருக்கு. பயப்படாமக் குடிங்க" என்றார். விறகுக்கு அல்லாடிய ஜனங்கள் காய்ச்சுவதை நிறுத்தினார்கள்.

எட்டாம் நாள் வாந்திபேதி! பதினான்கு பேர் ஆஸ்பத்திரியில். பேச்சாயி அம்மாளின் நாலு வயது மகள் வீடு திரும்பவில்லை.

கிணற்றை மறுபடி சோதித்தார். சுத்தம்தான்! பிறகே வீடு வீடாக நுழைந்தோம். கிணறு வற்றிய நாளில் குழாய்த் தண்ணீர், குழாய் வராத நாளில் வண்டித் தண்ணீர், எல்லாம் ஒரே பானையில். ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதனைக்கு வைத்தார். வண்டித் தண்ணீர் மஞ்சளானது. பானைத் தண்ணீரும் மஞ்சளானது.

"உங்க சோதனை சரிதானேண்ணே?" என்றேன்.

"கிணத்தையா குடிச்சுது அந்தப் புள்ள? பானைத் தண்ணியத்தானே குடிச்சுது" என்றார்.

யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. அவராகவே தெரு நடுவில் நின்று, "தப்பு என்னோடது" என்றார். பேச்சாயி அம்மாள், "நீங்க சொன்னீங்கன்னுதானே பாய் காய்ச்சாமக் குடுத்தேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதன்பின் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த வாசலில்தான் முதலில் நின்றார். கதவு திறக்காது. செத்த நேரம் நின்றுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். தை பிறந்த பிறகு ஒரு நாள் கதவு திறந்தது. பேச்சாயி அம்மாளே பானையைத் தூக்கி வந்து, "எம் பானையையும் பாருங்க பாய்" என்றார். அண்ணன் பாட்டிலை என்னிடம் நீட்டினார். அன்று தண்ணீரைப் பிடித்தவள் நான்.

அந்த மனிதருக்கு நாம் என்ன செய்யப் போகிறோம்? கண்ணீர் விட்டால் போதுமா? மாலை போட்டால் போதுமா? வருகிற திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நான் கிளம்புகிறேன். கிணறு, குழாய், வண்டி, உங்கள் அடுப்படிப் பானை, அத்தனையும் பார்ப்பேன். சோதித்ததை மட்டுமே சுத்தம் என்பேன். சோதிக்காததைச் சோதிக்கவில்லை என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்வேன். அண்ணே, இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு!