தம்பிக்கு அழைப்பில்லை

பேசாதீங்க சார், பேசாதீங்க. பஞ்சு நழுவிடும். அழுத்திக் கடிச்சிக்கினு இருங்க. டாக்டர் மேடம் அரை மணி நேரம்னா அரை மணி நேரந்தான், அதுக்கு முன்னால வாயைத் தொறந்தா ரத்தம் நிக்காது. நானும் இதே நாற்காலில, இதே பஞ்சோட குந்திக்கினு இருந்தவன்தான். இன்னா காட்டறீங்க? விரலத் தேய்க்கறீங்க... ஓ, எனக்குப் பல்லு புடுங்க எவ்ளோ ஆச்சுன்னு கேக்கறீங்களா?

ஐநூறு. மாத்திரைக்கு நூத்திச் சொச்சம். அதெல்லாம் செலவே இல்ல சார். அப்பால ஆச்சு பாருங்க, அதான் செலவு.

என் பேரு தணிகைவேல். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன்லேர்ந்து சிப்காட்டுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டறேன். உங்க யூனிபாரத்தப் பாத்தா உள்ளதான் வேலைன்னு தெரியுது. ஆனா என் வண்டில ஏறியிருக்க மாட்டீங்க. ஏறியிருந்தா மறக்க மாட்டீங்க. நான் கொஞ்சம் பேசுவேன். சிரிக்காதீங்க சார், பஞ்சு! கொஞ்சம்னா... ரயில் வந்து நின்னா ஜனங்க முதல்ல என் மூஞ்சியப் பாக்கும், அப்பால அடுத்த வண்டி எங்க கீதுன்னு பாக்கும். ஊட்டுல என் சம்சாரம் சந்திரகலா மிக்ஸிய வெறுமனே ஓட்டும். உள்ள ஒன்னியும் இருக்காது. இன்னா அரைக்கறன்னு கேட்டா, உன் சத்தம் காதுல உழக் கூடாதுன்னுதான்னு சொல்லும்.

அப்பிடிப்பட்டவனுக்குப் பொங்கலுக்கு அப்பால இந்த இடது கடவாப் பல்லு சொத்தை உழுந்து மாட்டிச்சு. வாயைத் தொறந்தா காத்து படும், காத்து பட்டா கரண்ட் அடிக்கும். காது, கழுத்து, தோள்பட்டை வரைக்கும் இழுக்கும். வாயை மூடிட்டேன் சார். துண்டால தாடையக் கட்டிக்கினு வண்டி ஓட்டுனேன். புடுங்கிக்க பயம், இல்லன்னு சொல்ல மாட்டேன்.

அப்பத்தான் கூத்து ஆரம்பிச்சிச்சு. வண்டில கூட்டம் தாங்கல. கம்பெனிக்குப் போற பொம்பளப் புள்ளைங்க மத்த வண்டியெல்லாம் உட்டுட்டு என் வண்டிக்கு நிக்குதுங்க. கௌரவமான ஆளு, தலை நிமிந்து பாக்க மாட்டாருன்னு. எங்க ஊரு பொன்னேரிப் பக்கம். அங்க அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கு வரப்புத் தகராறு. ஒருத்தன் வந்து நீயே நியாயம் சொல்லுன்றான். நான் தாடையப் புடிச்சிக்கினு ம்ம்ம்னேன். வலில சார்! அவனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அப்பால இன்னொருத்தன் வந்தான், அவனுக்கும் அதே ம்ம்ம். ரெண்டு பேரும் வரப்ப உட்டுட்டு ஒன்னா டீ குடிக்கப் போய்ட்டானுங்க. அதுலேர்ந்து எந்தப் பஞ்சாயத்துன்னாலும் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கறாங்க.

சத்தியமா சார். தலைய அப்பிடி ஆட்டாதீங்க.

அந்த நேரத்துலதான் என் பொண்ணு காயத்ரியப் பாக்க திருப்பாச்சூர்லேர்ந்து வந்தாங்க. பையன் பரத், தங்கமான புள்ள, எம்பொண்ணு வேலை செய்யற கம்பெனியிலதான் அவனும். ரெண்டும் முன்னாலயே பேசி வச்சிக்கினுதான் பெரியவங்களக் கூட்டியாந்துதுங்க, அது வேற. சிக்கல் இன்னான்னா பையனோட அப்பா, ராஜமாணிக்கம். திருவள்ளூர் கோர்ட்டுல குமாஸ்தாவா இருந்து ரிட்டயர் ஆனவரு. வக்கீலுங்க பேச்சக் கேட்டுக் கேட்டு, பேசற ஆளக் கண்டாலே அவருக்கு ஆவாது. முன்னால வந்த ஒரு நல்ல சம்பந்தத்த, பொண்ணோட மாமன் வளவளன்னு பேசறான்னு தட்டி உட்டவரு.

வந்தாரு, குந்துனாரு, சீர் செனத்தியெல்லாம் எப்பிடி செய்யறதா இருக்கீங்கன்னு கேட்டாரு. அந்த நேரம் பாத்து பல்லு சுருக்குன்னு இழுத்துச்சு. கண்ண மூடி, கைய இப்பிடி மேல தூக்குனேன். ஐயோ முருகான்னு அர்த்தம் சார். அவரு இன்னா நெனச்சாரோ, எழுந்து நின்னு கும்புட்டாரு. கூட வந்த அத்தினி பேரும் எழுந்துட்டாங்க. இந்த மாதிரி மனுசன்கிட்ட சீரப் பத்திக் கேட்டதே தப்பு, பொண்ண மட்டும் அனுப்புங்கன்னாரு. முடிஞ்சிச்சு, வெத்தலபாக்கு மாத்திட்டாங்க. என் பேச்சால இந்த ஜென்மத்துல ஒரு காரியம் நடந்ததில்ல சார். பேசாம இருந்ததுல ஒரு கல்யாணமே கூடிப் போச்சு.

அதோட நிறுத்தியிருக்கணும். வலி தாங்காம இங்க வந்துட்டேன். ஷைனி மேடம் பாத்தாங்க. ஆடிப்போன பல்லு, பூ பறிக்கற மாதிரி எடுத்துட்டாங்க. அரை மணி கழிச்சிப் பஞ்சத் துப்புனேன். அது பின்னாலயே பேச்சு வந்திச்சு சார். அத்தினி மாசம் சேத்து வச்ச பேச்சு.

மறுநாளு ஸ்டேண்டுல நிக்கறேன், சம்பந்தி போன். பத்திரிகை அடிக்கறதப் பத்தி. நான் ஆரம்பிச்சேன். எந்தப் பிரஸ்ல அடிச்சா மை கையில ஒட்டும், எதுல ஒட்டாது, ஒருத்தன் பொண்ணு பேரு வர்ற எடத்துல மண்டபத்துப் பேரப் போட்டு அடிச்ச கதை... அவரு ரொம்ப நேரம் கேட்டுக்கினு இருந்தாரு. அப்பால சொல்றாரு, நீங்க யாருங்க பேசறது? போனக் கொஞ்சம் சம்பந்திகிட்ட குடுங்க.

நான் இன்னா சொல்றது? அண்ணன் டீ குடிக்கப் போயிருக்காரு, நான் தம்பி பேசறேன்னுட்டேன். பேரு இன்னான்னாரு. முன்னால ஒரு லாரி நின்னுக்கினு இருந்திச்சு, பின்பக்கம் ஆசீர்வாதம்னு எழுதியிருந்தாங்க. ஆசீர்வாதம்னுட்டேன். அண்ணன் தணிகைவேலு, தம்பி ஆசீர்வாதமா, அது எப்பிடின்னாரு. கேக்கலாமா சார் இத்த என்கிட்ட? அண்ணனுக்கு அப்பால எங்கம்மாவுக்குப் புள்ளையே தங்காம, வேளாங்கண்ணிக்கு நடந்தே போய் வேண்டிக்கினு... சொல்லச் சொல்ல எனக்கே அழுகை வந்துடுச்சு. நான் ஒரே புள்ள சார்.

அன்னிலேர்ந்து ரெண்டு ஆளா சுத்தறேன். நேர்ல அண்ணன், போன்ல தம்பி. ஒரே பேஜாரு.

வாயை மூடிக்கினு இருக்க வேண்டியதுதானேன்னு பாக்கறீங்க. உங்க கண்ணே சொல்லுது. முயற்சி பண்ணாமயா? போன வாரம் முகூர்த்தப் புடவையப் பாக்க அவங்க ஊட்டுக்குப் போனோம். துண்டக் கட்டிக்கினு குந்துனேன். காப்பி வர்ற வரைக்கும் தாக்குப் புடிச்சிட்டேன். அப்ப சம்பந்தி சொல்றாரு, திருவள்ளூர்லேர்ந்து கும்மிடிப்பூண்டிக்குப் போவணும்னா சென்ட்ரல் போய் வண்டி மாறித்தான் போவணும், வேற வழியே கிடையாதுன்னு.

ஆட்டோக்காரன் சார் நான்! தாமரப்பாக்கம், பெரியபாளையம், கவரப்பேட்டை... அப்பிடியே நெஞ்சு வரைக்கும் வந்து முட்டுது. வயித்தப் புடிச்சிக்கினு பின்பக்கம் ஓடுனேன். அங்க ஒரு எருமை கட்டியிருந்திச்சு. அதுங்கிட்ட மொத்த ரூட்டையும் சொன்னேன். எங்க ரோடு பள்ளம், எங்க டீ ஷோக்கா இருக்கும், எல்லாம். அது அசை போடறத நிறுத்திட்டுக் கேட்டுச்சு சார். மூஞ்சியக் கழுவிக்கினு உள்ள வந்தா சம்பந்தி கேக்கறாரு, பின்னால உங்க தம்பி குரல் கேட்டுச்சே, வந்திருக்காரா?

ஆமான்னு தலைய ஆட்டுனேன். வேற இன்னா பண்றது?

அவரு பக்கத்துல வந்து குந்தி, என் கையப் புடிச்சிக்கினு, மெதுவாச் சொன்னாரு. தப்பா நெனச்சிக்காதீங்க சம்பந்தி. உங்க தம்பி நல்ல மனுசனாத்தான் தெரியறாரு. ஆனா மண்டபத்துக்கு மட்டும் வர வோணாம். எங்க சொந்தக்காரங்க முன்னால உங்க மரியாதையே கெட்டுப் பூடும். சாப்பாடு வேணா ஊட்டுக்குக் குடுத்து அனுப்பிடறேன்.

சாப்பாட்ட ஊட்டுக்குக் குடுத்து அனுப்பறாராம் சார். எம்பொண்ணு கல்யாணச் சாப்பாட்ட.

ஊட்டுக்கு வந்து காயத்ரிகிட்ட கேட்டேன், உண்மையச் சொல்லிடட்டுமாம்மான்னு. சின்னப் புள்ளையில அது என் வண்டில முன்சீட்டுல ஒட்டிக்கினு வரும், நான் பேசறத்தையெல்லாம் கேட்டுக்கினே வரும். அது ஒன்னுதான் கேக்கும். என் தோள்ல கெடந்த துண்ட எடுத்து மடிச்சிச்சு. அப்பால சொல்லுது, அன்னிக்கு உன்ன எல்லாரும் எழுந்து நின்னு கும்புட்டாங்கல்லப்பா... அத்தப் பாக்க எனக்கு நல்லா இருந்திச்சு. அவ்ளோதான். பேசாத இருன்னு சொல்லல. உள்ள போய்டுச்சு.

நாளை மறுநாளு முகூர்த்தம். பொன்னேரில மண்டபம். நீங்களும் வாங்க சார், பத்திரிகை வண்டில கீது, தர்றேன்.

தோ கூப்புடறாங்க. வர்றேம்மா!

எனக்கு எந்தப் பல்லா? இது, வலது கடவா. கல்லு மாதிரி நிக்குது, போன பொங்கலுக்குக் கூட இதுலதான் கரும்பு கடிச்சேன். வலியெல்லாம் ஒன்னியும் இல்ல. போன தடவ மேடந்தான் சொன்னாங்க, ஆடற பல்லு லேசு, நல்லா வேர் உட்டு நிக்கற பல்ல எடுத்தா நாலஞ்சு நாளைக்கு மூஞ்சி வீங்கி, வாயைத் தொறக்கவே முடியாதுன்னு. நாலஞ்சு நாளு போதும் சார் எனக்கு. எக்ஸ்ரே எடுத்துட்டு நல்லாத்தானே கீதும்பாங்க. வலி எக்ஸ்ரேல தெரியுமா? உசுரு போவுது மேடம்னு கத்திடுவேன்.

அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. சொல்ல மாட்டீங்க, தெரியும். நீங்க பஞ்சக் கடிச்சிக்கினு வெளிய வர்றதப் பாத்துட்டுத்தான் இந்த நாற்காலிக்கு மாறி வந்து குந்துனேன். உள்ள போறதுக்கு முன்னால கொஞ்சம் பேசிடணும்ல சார்.