தம்பி முகம் இல்லாத வெள்ளிக்காசு

கொஞ்சம் வெளிநாடு போயிட்டு வந்துடலாமா? டிக்கெட் வேண்டாம்... ஒரு குட்டிக் கதைதான்.

ஜெர்மனி. ஐந்நூறு வருஷம் முன்னாடி. கிறிஸ்தவ சபை ரெண்டா உடைஞ்ச காலம். மலையில வெள்ளி வெட்டுற ஒரு சின்ன நாடு. அண்ணன் கெப்ஹார்ட், தம்பி ஆல்பின், ரெண்டு பேரும் சேர்ந்து ஆண்டாங்க. அவங்க வெள்ளிக்காசுல ஒரு பக்கம் அண்ணன் முகம், மறுபக்கம் தம்பி முகம். அப்ப அப்படி ஒரு வழக்கம்.

தம்பி புதுச் சபைக்குப் போயிட்டார். அண்ணனுக்கு வந்ததே கோபம்! காசு அச்சு வெட்டுற வைட்ங்கிற ஆளைக் கூப்பிட்டார்.

"அச்சுல அவன் முகத்தை அரத்தால ராவி எடு. அந்தப் பக்கம் மொட்டையா இருக்கட்டும்."

வைட் ராவிட்டான். பாவம், சம்பளக்காரன், வேற என்ன செய்வான்?

சம்பள நாள் வந்துச்சு. சுரங்க ஆளுங்களுக்குத் தலைவர் குன்ஸ். புதுக்காசை வாங்கி இந்தப் பக்கம் பார்த்தார்... அந்தப் பக்கம் பார்த்தார்... அண்ணன் முன்னாடி மேசையிலயே வச்சுட்டார்.

"வேண்டாங்க, பிரபு."

"ஏன்யா? நிறுத்துப் பாரு! அதே வெள்ளி!"

"நிறை சரிதாங்க. ஆனா கூடப் பிறந்தவர் முகத்தையே ராவினவர், நாளைக்கு எங்க வெள்ளியை ராவ மாட்டார்னு யாருங்க ஜாமீன்?"

ஒருத்தரும் வேலைக்கு இறங்கல. இறைக்க ஆள் இல்லாம சுரங்கத்துல தண்ணி ஏறுது. இன்னும் மூணு நாள் போனா நாடே போச்சு! அண்ணன் பல்லைக் கடிச்சுக்கிட்டு வைட்கிட்ட வந்தார்.

"பழையபடி போடு."

"அந்த அச்சு எங்கப்பா வெட்டினதுங்க. உங்க தம்பியை நான் கிட்டப் பார்த்ததே இல்ல. அச்சு தேய்ஞ்சே போயிருந்துச்சு, பழைய காசுலகூட மூக்கு எது வாய் எதுன்னு தெரியல. நீங்கதான் சொல்லணும்."

அண்ணன் சொன்னார்... "மூக்கு... எங்கம்மா மூக்கு. இடது புருவத்துல ஒரு தழும்பு. சின்ன வயசுல நான் எறிஞ்ச கல்லு..." அழுதுட்டார்.

காசு வந்துச்சு. ஆளுங்க இறங்கினாங்க. அண்ணனும் தம்பியும் ஒரே சபைக்கு வந்தாங்களா? இல்ல. கடைசி வரைக்கும் அவரவர் சபை. காசு மட்டும் ஒண்ணு.

எதுக்குச் சொல்றேன்? போன வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்துச்சு. நம்ம சபைக் குடும்பம்தான். பேர் சொல்ல மாட்டேன்... நீங்களும் திரும்பிப் பார்க்காதீங்க! மாமா பேர் இருக்கு, மச்சான் பேர் இருக்கு, வீடியோ எடுக்கிறவர் பேர்கூட இருக்கு. கூடப் பிறந்த தம்பி பேர் மட்டும் இல்ல. கேட்டா, "அவன் வேற சபைக்குப் போயிட்டான், பாஸ்டர்."

போகட்டுமே! அதுக்காகத் தம்பி இல்லன்னு ஆயிடுமா? அவன் பேரை எடுத்துட்டா, ஊர் அவனை நிறுத்துப் பார்க்காது... உங்களைத்தான் நிறுத்துப் பார்க்கும்.

பத்திரிகை இன்னும் பாதிதான் கொடுத்திருக்கீங்களாம். மீதியைத் திரும்ப அச்சடிங்க.