இரண்டாம் இடம் என்று வெட்டிய கல்

இந்த ஸ்டேஷன் தரை நல்ல தரை ஏட்டையா. வந்து உட்கார்ந்ததிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பழைய மொசைக், சொரசொரப்பு இன்னும் போகவில்லை. ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினாலும் இதில் ஒருத்தரும் விழ மாட்டார்கள். போட்டவன் தொழில் தெரிந்தவன்.

உங்கள் சிவப்புத் தொப்பியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டால் எழுத வசதியாக இருக்கும். அவசரமே வேண்டாம். எல்லாவற்றையும் நானே சொல்லிவிடுகிறேன். நல்லது செய்யப் போய் மாட்டிக்கொண்டவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது?

பெயர் முத்தையன். கீழவாஞ்சூர் போகிற ரோட்டில் கிரானைட் கடை வைத்திருக்கிறேன். துறைமுகத்துக் கரி லாரிகள் போகிற பாதை என்பதால், வெள்ளைக் கல் இறக்கினால் ஒரே வாரத்தில் கருப்புக் கல்லாக விற்றுவிடலாம். ஆனால் என் பேர் நிற்பது திறப்பு விழாக் கல்லில்தான். இன்னார் தலைமையில், இன்னார் முன்னிலையில், இன்னார் திறந்துவைத்தார் என்று வாசலில் வைப்பார்களே, காரைக்கால் பக்கம் அதில் முக்கால்வாசி என் கடையில் வெட்டியது. தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை, சுடுகாட்டுக் கொட்டகை, எதையும் விட்டதில்லை.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. முதலில் கல்லை வெட்டுவோம், பிறகுதான் காரியம் நடக்கும். மந்திரி வந்து திரையை இழுக்கும்போது, ‘திறந்துவைத்தார்’ என்று உள்ளே ஏற்கெனவே எழுதியிருக்க வேண்டுமல்லவா? ஆகவே நடப்பதுதான் கல்லை அனுசரித்து நடக்க வேண்டும். ஒரு தடவை முக்கிய விருந்தினருக்குக் கடுமையான காய்ச்சல். ‘கல்லில் பெயர் ஏறிவிட்டதுங்க’ என்று போனில் ஒரு வார்த்தைதான் சொன்னேன். போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து திறந்துவிட்டுப் போனார். பெரிய மனிதர்களுக்கு இது புரிகிறது. சொந்த மருமகனுக்குத்தான் புரியவில்லை.

மருமகன் என்றால் அருள்மணி. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. கிளிஞ்சல்மேட்டில் இருக்கிற என் தங்கை மலர்க்கொடியின் ஒரே பிள்ளை. அவள் மார்க்கெட்டில் மீன் விற்று வளர்த்த பிள்ளை. ஆறடி ஏழங்குலம். பதினைந்து வருஷம் கூடைப்பந்து லீக்கில் ஆடியவன். ஒரே ஆட்டத்தில் ஐம்பத்தொரு புள்ளி போட்டவன், இரண்டு முறை ஆண்டின் சிறந்த வீரன். ஆனால் கணக்குப் பார்க்கத் தெரியாத பிள்ளை. பந்தைப் போடுவான், குளிப்பான், சாப்பிடுவான், தூங்குவான். யார் எத்தனை போட்டார்கள் என்று கேட்டால், “ஜெயிச்சாச்சுல்ல மாமா, வுடுங்க” என்பான்.

போன வருஷம் முட்டியில் ஐஸ் கட்டியோடு வீட்டுக்கு வந்து, “போதும் மாமா, இனிமே ஆடல” என்றான். டிவியிலும் சொல்லிவிட்டான். அவன் வாயால் சொன்னது, நாட்டுக்கே சொன்னது. மறுநாளே கல்லைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். எட்டடிக்கு நாலடி, ஒரே பலகை, கண்ணாடி மாதிரி கருப்பு. விளையாட்டுத் திடல் வாசலில் அவனுடைய சாதனைகள் மொத்தமும் நிற்கட்டும் என்று ஆசைப்பட்டேன். பிறந்த ஊர், ஆடிய வருஷங்கள், அந்த ஐம்பத்தொன்று, எல்லாம் வெட்டினேன். நடுவில், ‘லீக் வரலாற்றில் மொத்தம் 8,604 புள்ளிகள், இரண்டாம் இடம்’. கடைசி வரியில், ‘உபயம்: முத்தையன் கிரானைட்ஸ்’. அந்த வரி மற்றதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கிறது என்று சிலர் பேசுகிறார்கள். பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்தது. எனக்காக இல்லை.

விழா பிரமாதமாக நடந்தது. மந்திரி திரையை இழுத்தார், எல்லோரும் கை தட்டினார்கள். அப்போது டிவியிலிருந்து வந்திருந்த காவ்யா என்கிற பெண் கல்லை நிதானமாகப் படித்தது. இந்த ஊரில் திறப்பு விழாக் கல்லை யாரும் படித்து நான் பார்த்ததில்லை. படித்துவிட்டு, மைக்கை அவனிடம் நீட்டி, “முதல் இடத்துல இருக்குறவரு 8,623 தானே சார்? பத்தொம்போது புள்ளிதானே கொறச்சல், அதுக்குள்ளயா வுட்டுட்டு வந்தீங்க?” என்று கேட்டது.

அவன் கல்லைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். மலர்க்கொடி அவன் ஆடி ஒரு ஆட்டம்கூட நேரில் பார்த்ததில்லை. எல்லாம் தூரத்து ஊர்களில் நடக்கிற ஆட்டங்கள், விடிந்தால் அவளுக்கு ஏலத்தில் மீன் எடுக்க வேண்டும்.

“அப்ப ஒரு மேட்ச் ஆடிரலாமே. அடுத்த சீசன் மொத மேட்ச் பாண்டிச்சேரியிலதான். அம்மாவ முன்னாடி வரிசையில ஒக்கார வச்சு ஆடிர்றேன்” என்றான்.

ஊரே விசில் அடித்தது. என் தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் மட்டும் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரை விலகிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

வேறு கல் வெட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கப்போவது தெரிகிறது. வெட்டலாம். மந்திரியை இன்னொரு தடவை கூப்பிட முடியுமா? ‘ஐயா, போன மாசம் நீங்க திறந்தது தப்பான கல்லுங்க’ என்று சொல்ல முடியுமா? அப்புறம் இந்தப் பக்கத்தில் எவன் என்னிடம் கல் வெட்டுவான்? ‘முத்தையன் கல்லா, அது நிக்குமாப்பா?’ என்று கேட்பான்.

முதலில் வாயால்தான் சொன்னேன். “மாப்ள, ரெண்டாவது இடம் ரொம்ப மரியாதையான இடம். மொத இடத்துல இருக்குறவன எல்லாரும் புடிச்சு இழுப்பானுவ. ரெண்டாவது ஆள எவன் கண்டுக்கப் போறான்? நிம்மதி” என்றேன். அவன் சிரித்துக்கொண்டே தண்டால் எடுத்தான்.

சரி, சாப்பாட்டில் பார்ப்போம் என்று இறங்கினேன். தாய்மாமன் வீட்டு விருந்தை எவனும் தட்டக் கூடாது, அது நம் வழக்கம். நண்டு, இறால், வஞ்சிரம், நெய் சோறு என்று மத்தியானமும் ராத்திரியும் போட்டேன். என் மனைவி அடுப்படியை விட்டு நகரவில்லை. மாதக் கடைசியில் எடை பார்த்தால், நான் ஏழு கிலோ ஏறியிருந்தேன். அவன் ரெண்டு கிலோ குறைந்திருந்தான். அத்தனையையும் தின்றுவிட்டுக் கடற்கரையில் ஓடியிருக்கிறான்.

அடுத்து அவனுடைய ஷூ. அவன் கால் அளவுக்குக் காரைக்காலில் செருப்புகூடக் கிடையாது. இடது கால் ஷூக்களை மட்டும் ஒரு சாக்கில் கட்டி அரசலாற்றில் போட்டேன். ரெண்டையும் போட்டால் திருட்டு என்று சந்தேகப்படுவார்கள்; ஒற்றைக்கால் என்றால் நாய் தூக்கிப்போய்விட்டது என்று நினைப்பார்கள். அப்படித்தான் நினைத்தார்கள். மலர்க்கொடி தெரு நாய்களை ஒரு வாரம் திட்டித் தீர்த்தாள். பெங்களூரிலிருந்து கூரியரில் புது ஷூ வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் தரை.

தங்கை வீட்டுக் கொல்லையில் ஒரு சிமெண்டுத் தளமும், படகுப் பட்டறையில் அடித்த இரும்புக் கம்பமும் வளையமும் உண்டு. சின்ன வயதிலிருந்து அவன் அங்கேதான் போட்டுப் பழகுவான். சிமெண்டு வெடித்துக் கிடந்தது. “என் மருமவன் வெடிச்ச தரையில ஆடலாமா? நான் கல்லு போட்டுத் தர்றேன்” என்றேன்.

மலர்க்கொடி சந்தேகப்பட்டாள். “வழுக்காதாண்ணே?” என்று கேட்டாள்.

“தொழில்ல இருக்குறவன் நானா நீயா?” என்றேன். அது பொய் இல்லை, கேள்விதான்.

வெளித் தரைக்கு நாங்கள் போடுவது நெருப்பில் வாட்டிய சொரசொரப்புக் கல். ஈரத்தில் நடந்தாலும் பிடிக்கும். நான் போட்டது பாலிஷ் கல். கடற்கரைப் பக்கத்தில் பாலிஷ் கல்லுக்கு ஒரு குணம் உண்டு. விடிகாலையில் உப்புக் காற்று பட்டால் அதற்கு வேர்க்கும். பார்வைக்குப் பளபளப்பு என்றுதான் தெரியும், கால் வைத்தால்தான் தண்ணீர் என்று தெரியும். அவன் விடிகாலையில்தான் பழகுவான். எல்லாக் கல்லுக்கும் மேலே கொஞ்சம் மெழுகு தேய்ப்பது தொழில் முறை. இதற்குக் கூடுதலாகத் தேய்த்தேன். வளையத்துக்கு நேர் கீழே, குதித்துவிட்டு அவன் கால் ஊன்றுகிற இடத்தில், இரண்டு கை. சொந்தப் பிள்ளைக்குச் செய்யும்போது கை தாராளமாகத்தான் போகும்.

வேலை முடிந்தபோது என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவ்வளவு உயரத்திலிருந்து குனிந்து. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் விடிகாலையில் போன் வந்தது. நான் குளித்து, சட்டை போட்டு, வண்டிச் சாவியோடு தயாராக உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கொண்டுபோனேன், எழுதிக்கொள்ளுங்கள். வண்டியில் அவனுக்கு நீட்டப் போதாமல் அடிபடாத கால் ஜன்னலுக்கு வெளியே இருந்தது. “வலிக்கிது மாமா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் அழுதேன். நிஜமான அழுகை அது. கணுக்கால் முறிவு, முட்டியில் ஜவ்வு கிழிந்துவிட்டது, இனி ஆட முடியாது என்று டாக்டர் சொன்னார். திரும்பும்போது திடல் வழியாக வந்தேன். கல்லின் மேல் வெயில் பட்டுக்கொண்டிருந்தது. அதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அன்று ராத்திரி நல்ல தூக்கம் வந்தது.

இத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். கெடுத்தது அந்த லீக்கில் புள்ளிக் கணக்கு வைக்கிறவர். சென்னையில் இருக்கிறார், பெயர் தமீம் அன்சாரி, மிகவும் தன்மையான மனிதர். அருள்மணிக்கு அடிபட்டது கேட்டு வருத்தப்பட்டு, பழைய வீடியோக்களை எல்லாம் போட்டுப் பார்த்திருக்கிறார். என்றைக்கோ ஒரு ஆட்டத்தில் இவன் பனியன் கிழிந்து, பெஞ்சில் இருந்த இன்னொருவன் பனியனைப் போட்டுக்கொண்டு ஆடியிருக்கிறான். போட்ட இருபத்திரண்டு புள்ளியும், முதுகு நம்பரைப் பார்த்து, அந்தப் பனியன்காரன் கணக்கில் ஏறிவிட்டது. இவனுக்கு அது தெரியும், சொல்லவே இல்லை. கேட்டால், “பாவம் மாமா, அவன் அந்த வருஷமெல்லாம் பெஞ்சிலயே ஒக்காந்திருந்தான். இருந்துட்டுப் போவட்டும்னு வுட்டுட்டேன்” என்கிறான். இப்படிப் பொறுப்பில்லாத பிள்ளையை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கல் வெட்டுவது?

கூட்டிப் பாருங்கள். 8,626. முதல் இடம். படுத்த படுக்கையில் இருக்கிறவன் முதல் இடத்துக்குப் போய்விட்டான். அடுத்த வாரம் அறிவிப்போம் என்று அன்சாரி என்னிடமே போன் பண்ணிச் சந்தோஷமாகச் சொன்னார்.

நான் பதற்றப்படவில்லை. “ரொம்ப சந்தோசங்க” என்றேன். பேச்சோடு பேச்சாக, “உங்க பாத்ரூமுக்கு என்ன தரை போட்டிருக்கீங்க? நானே வந்து நல்ல கல்லா போட்டுத் தர்றேன், காசு வேண்டாம்” என்றேன். அவ்வளவுதான் கேட்டேன்.

அவர் அதை நல்ல மனதோடு அருள்மணியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். இவன் சிரிக்கவில்லையாம். கட்டிலில் இருந்தபடியே கொல்லைப் பக்கம் தரையைப் பார்த்தானாம். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, அந்தத் தரையை நகத்தால் சுரண்டிப் பார்க்கச் சொன்னானாம். நகத்துக்குள் மெழுகு ஏறியிருக்கிறது.

மலர்க்கொடி மீன் கூடையை அப்படியே போட்டுவிட்டு என் கடைக்கு வந்தாள். லாரிச் சத்தத்தில் முதலில் எனக்குக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை கேட்டது.

“ஏண்ணே, எம்புள்ள கால வுட ஒன் கல்லு பெருசா?”

கல் எட்டடி, அவன் ஆறடி ஏழங்குலம். முழு ஆளைவிடவே கல் பெரிதுதான். அதைத்தான் சொன்னேன். அவள் வேறொன்றும் கேட்கவில்லை. “அவன் ஆடி நான் பாக்கவே இல்லண்ணே” என்று மட்டும் சொல்லிவிட்டு, நேராக உங்களிடம் வந்துவிட்டாள். கூடப் பிறந்தவள் என்றுகூடப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் இல்லை, கொஞ்சம் மனக்கஷ்டம்தான்.

ஆமாம், நான்தான் செய்தேன். அவன் விழுவான் என்று தெரிந்துதான் போட்டேன். கால் போகும் என்றும் தெரியும். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், திருத்த வேண்டாம், எனக்குத் திருத்தம் பிடிக்காது. ஆனால் எதற்காகச் செய்தேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவன் பெயர் காலத்துக்கும் நிற்க வேண்டும் என்பதற்காக. எனக்கென்று நான் எதையும் விரும்பவில்லை.

பேனாவைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். திடலில் கல்லைப் பெயர்த்து எடுக்க ஆள் வந்திருக்கிறது என்று வாசலில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. எடுக்கட்டும், முதல் இடம் என்று வேறு கல் வைக்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. கடைசி வரியை மட்டும் அறுத்துத் தனியாக விட்டுவைக்கச் சொல்லுங்கள் ஏட்டையா. அந்த வரியில் தப்பு ஒன்றும் இல்லை.