காவாலி திருந்த வேண்டாம்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நூலகர் அம்மா அவர்களே, மேடையில் என் பக்கத்தில் அமர்ந்திருக்கும் பதிப்பாளர் ஐயா அவர்களே, முன்வரிசையில் தலை குனிந்து இருக்கும், மறைந்த நம் எழுத்தாளர் அம்மையாரின் தம்பி அவர்களே, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு கடைசி வரிசையில் காலாட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளே! உங்கள் எல்லோருக்கும் இந்தக் கிழட்டு ஓவியனின் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரை 'சிறுவர் இலக்கியச் செம்மல்' என்றார்கள். 'கற்பனைக் களஞ்சியம்' என்றார்கள். எல்லாம் சரிதான். ஆனால் தெருவில் போகும்போது பிள்ளைகள் அவரை எப்படிக் கூப்பிட்டார்கள்? "காவாலியம்மா!" அவரும் திரும்பிப் பார்த்து, "என்னடா?" என்பார். அந்தப் பட்டத்துக்கு முன்னால் வேறு எந்தப் பட்டம் நிற்கும், சொல்லுங்கள்! நானும் அப்படியே சொல்கிறேன். நம் காவாலியம்மா போய்விட்டார்.

அந்தப் பெயர் வந்த கதை இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. அம்மையாருக்குப் பகலில் நீதிமன்றத்தில் தட்டச்சர் வேலை. நாள் முழுக்கத் திருடர்களின் வாக்குமூலத்தைத் தட்டிவிட்டு வருகிறவருக்கு, மாலையில் ஒரு நல்லவனைப் பற்றி எழுத வேண்டும் என்று ஆசை இருக்காதா? எழுதினார். மந்திரக் கோட்டையின் வாசலில் நிற்கும் நேர்மையான காவலாளி ஒருவனைப் பற்றி. புத்தகத்தின் பெயர் 'பனிக்கோட்டைக் காவலாளி'. நானும் இஸ்திரி போட்ட சட்டையோடு அவனை வரைந்து கொடுத்தேன்.

அட்டை அச்சாகி வந்தது. ஓர் எழுத்து விழுந்து, மிச்ச எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, 'பனிக்கோட்டைக் காவாலி' என்று வந்தது! அச்சுக்கோத்த அண்ணன் அதோ தூணுக்குப் பக்கத்தில் இருக்கிறார். அண்ணே, ஒளியாதீர்கள். இன்றைக்கு உங்களுக்கும் ஒரு நன்றி சொல்லத்தான் வேண்டும். பதிப்பாளர் ஐயா அன்றைக்குத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆனால் கடையில் வைத்த புத்தகம் வைத்த வேகத்தில் போய்விட்டது. காவாலி என்றால் போக்கிரிதானே! அந்தப் பெயரைப் பார்த்ததும் பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரமே அம்மையாரை மடக்கிச் சண்டைக்கும் வந்தார்கள்.

"காவாலி எங்க? இவன் நல்லவனாச்சே! எங்களை ஏமாத்திட்டீங்க!"

அன்றைக்கு அவர் என் அறைக்கு வந்து சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "ஓவியரே, ரெண்டாவது புத்தகத்துல இவனை வேலைய விட்டுத் துரத்திடுறேன். இனிமே இவன் காவாலியேதான்," என்றார். அவர் போன பிறகு பார்த்தால், என் மேசையில் இருந்த ரப்பரைக் காணோம்.

அதன் பிறகு காவாலி என்னென்ன செய்தான்! சூனியக்காரியின் கொட்டாவியைத் திருடி, தூக்கம் வராத ராஜாவிடம் விற்றான். டிராகனிடம் தன்னை டிராகன் வைத்தியன் என்று சொல்லி, வாயைத் திறக்கச் சொல்லி, தங்கப் பல்லைக் கழற்றிக்கொண்டு ஓடினான். வாயைத் திறந்தால் பொய். ஆனால் தனக்குப் பயமாக இருக்கிறது என்பதை மட்டும் அவன் ஒருநாளும் மறைத்ததில்லை. பெரியவர்கள் பதறினார்கள். பிள்ளைகள் கெட்டுப்போய்விடுவார்களே என்றார்கள். கெட்டுப்போனார்களா? அதோ, எல்லோரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஏன் இந்த அயோக்கியனை இவ்வளவு பிடித்தது என்று யாராவது கேட்டோமா?

அம்மையார் கேட்டார். ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் கதை சொல்லி முடித்த பிறகு எல்லோரும் கலைந்துவிட்டார்கள். ஒரு சிறுமி மட்டும் அலமாரிக்குப் பக்கத்தில் நின்றாள். பையில் காவாலி புத்தகம். "ஏம்மா, இவனைப் போய்ப் பிடிக்குது உனக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

அவள் சொன்னாளாம்: "நல்லவனுக்கு நான் எதுக்கு? அவனுக்குத்தான் எல்லாரும் இருக்காங்களே. இவனுக்கு யாருமே இல்ல. அதான் நான் இருக்கேன்."

திரும்பி வரும்போது பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொன்னார். சொல்லிவிட்டு, இறங்கும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் வீட்டு வாசலில் ஒரு ஜோடிச் செருப்புதான் கிடக்கும். என் வீட்டு வாசலிலும் அப்படித்தான். அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. காவாலியைப் பற்றித்தான் பேசினோம். அவனுக்கு எங்கே மழைக்கு ஒதுங்க இடம் கொடுக்கலாம், யார் வீட்டுச் சமையலறையில் பசியாற விடலாம் என்று மணிக்கணக்காகப் பேசினோம். வேறு எதைப் பற்றிப் பேசியிருந்தால் இவ்வளவு பேசியிருப்போம்?

வரும்போதெல்லாம் ரப்பர் காணாமல் போகும். ஒருநாள் கேட்டே விட்டேன். "அம்மா, நான் வாங்கி வாங்கிக் களைச்சுட்டேன். உங்களுக்கு எதுக்கு அது?"

"எனக்கு எதுக்கு? உங்ககிட்ட இருக்கக் கூடாது. அழிச்சு அழிச்சு அவன் மூஞ்சிய அழகாக்கிடுறீங்க. கோணலாவே இருக்கட்டும் ஓவியரே."

இந்த மேடையில் பதிப்பாளர் ஐயா சற்று முன் ஓர் அறிவிப்புச் செய்தார். அம்மையார் எழுதாமல் விட்டுப்போன கடைசி அத்தியாயத்தை வேறொருவரைக் கொண்டு எழுதி முடித்துவிட்டார்களாம். அதில் காவாலி மனம் திருந்தி, கொட்டாவியைத் திருப்பிக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, மறுபடியும் கோட்டைக் காவலாளி ஆகிறானாம். நீங்களும் கை தட்டினீர்கள். நான் தட்டவில்லை. "கடைசியிலயாவது திருந்தினா என்ன ஓவியரே? பெத்தவங்களுக்கும் சந்தோஷம்," என்று ஐயா என் காதில் சொன்னார். ஐயா நல்ல மனிதர். அத்தனை புத்தகத்தையும் போட்டவர் அவர்தான். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

ஆனால் மருத்துவமனையில், பேசவே மூச்சு வாங்கிய நிலையில், அம்மையார் என்னிடம் சொன்னதை நான் யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வேன்? இங்கேதான் சொல்ல வேண்டும்.

"அவனைத் திருத்திடுவாங்க. விடாதீங்க. திருந்தினாத்தான் சேத்துக்குவோம்னு வெளியில எல்லாரும் சொல்றாங்க. காவாலியும் அதையே சொன்னா, அந்தப் பிள்ளைங்க வேற எங்க போகும்?"

"அப்போ எப்படி முடிக்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

"அவன் மதில் மேல உக்காந்திருக்கான். கீழ ஒரு வீடு. யாரோ அவனுக்காகப் பின்கதவத் தாழ்ப்பாள் போடாம வெச்சிருக்காங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! திருந்தினாயா என்று கேட்காத ஒரு கதவு. அம்மையார் தன் வாழ்நாள் முழுக்க எழுதியது அந்த ஒரு கதவைத்தான் என்று நான் நினைக்கிறேன். அவருக்கே அப்படி ஒரு கதவு இருந்ததா என்று நான் கேட்டிருக்கலாம். இனி யாரிடம் கேட்பது?

ஆகவே இந்தச் சபையில் உறுதி கூறுகிறேன். அந்தப் படத்தைத்தான் நான் வரைவேன். மதில், கோணல் மூஞ்சி, திறந்த பின்கதவு. வேறு படம் என் கையிலிருந்து வராது. பதிப்பாளர் ஐயா, உங்கள் பையைத் தேட வேண்டாம். நீங்கள் எழுந்து பேசிக்கொண்டிருந்தபோது உள்ளே இருந்த அந்த அத்தியாயம் இப்போது என் சட்டைப் பைக்குள் இருக்கிறது. கணினியில் இன்னொரு பிரதி இருக்கும், எனக்குத் தெரியாதா? இருந்தாலும் அம்மையாருக்குச் செய்ய வேண்டிய மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா!

அவர் மருத்துவமனைக்குப் போன பிறகு ஒரு புது ரப்பர் வாங்கினேன். அது வைத்த இடத்திலேயே கிடக்கிறது. காலையில் பார்த்தாலும் இருக்கிறது, மாலையில் பார்த்தாலும் இருக்கிறது. என் மேசையிலிருந்து எதுவுமே காணாமல் போவதில்லை. அதை என்னால் தாங்க முடியவில்லை.

அந்த ரப்பரைக் கொண்டுவந்திருக்கிறேன். இதோ, இந்த ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைக்கிறேன். பிள்ளைகளே, கூட்டம் கலையும்போது உங்களில் யாராவது இதை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். என்னிடம் கேட்டுவிட்டு எடுக்காதீர்கள். நான் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறேன்.