மூன்றாவது மணிக்குள்

போன் அடித்தால் மூன்றாவது மணிக்குள் எடுத்துவிடுவேன் ஐயா. முப்பது வருடம் ஆலை வாசலில் காவலுக்கு இருந்து பழகிய கை. "வேலை காலி இல்ல, கெளம்பு" என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பிய வாயும் இதுதான்.

மகனுக்கு வேலை போய் ஆறு வருடம். இரண்டாம் வருடமே மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள். "வேலை கெடச்சதும் கூப்பிடுங்க, அன்னைக்கே வந்துடறேன்" என்றாள். முடி வெட்டுகிறவன்கூட, "என்ன ஆபீசரே, இன்னைக்கும் லீவா?" என்பான். மகன் அந்தத் தெருப் பக்கமே போவதை விட்டான். முடி காதை மூடியது. பிறகு நான்தான் வெட்டிவிட்டேன். சின்ன வயதில் காட்டியதுபோலக் குனிந்து பிடரியைக் காட்டுவான்.

காலை பத்து மணிக்கு நடக்கப் போவான். போனை என்னிடம் கொடுத்துவிடுவான்.

"கையில வச்சிருந்தா அதையே பாத்துக்கிட்டு இருக்கேன்பா. பைத்தியம் புடிச்சிடும்போல இருக்கு. வந்தா நீங்க எடுங்க."

வந்தது. மூன்று தடவை. மூன்றும் வெளியூர்க் கம்பெனி. திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள். கம்பெனிக்காரனை நான் நம்புவதில்லை. இன்று கூப்பிடுவான், நாளைக்குக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவான். தள்ளச் சொல்லி என்னைத்தானே நிறுத்தியிருந்தான். அதனால், "அவன் வேற எடத்துல சேந்துட்டான்" என்றேன். மூன்றாவது, போன புதன்கிழமை. ஒரு பெண் பேசினாள். "ரொம்ப சந்தோஷம் ஐயா" என்று வைத்துவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்குத் திரும்புவான். செருப்பைக்கூடக் கழற்றமாட்டான்.

"ஏதாச்சும் வந்துச்சாப்பா?"

"இல்லடா. சாப்பிட வா."

இரண்டு தட்டு வைப்பேன். அவனும் போய்விட்டால் ஒரு தட்டுதான். அதை நான் நினைக்கவே இல்லை என்று சொல்லமாட்டேன்.

வியாழக்கிழமை பன்னிரண்டாகியும் வரவில்லை. மறுநாள் அவனை ஏரியிலிருந்து எடுத்ததாக ஸ்டேஷனிலிருந்து நீங்கள் வந்து சொன்னீர்கள். போனில் இருந்த எண்களைக் கூப்பிட்டு விசாரித்தும்விட்டீர்கள். ஆமாம், பேசியது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் விடாமல் எழுதுங்கள். ஆறு வருடமாக ஊரே அவனை வேலையில்லாதவன் என்றது. அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று மூன்று தடவை வாய் நிறையச் சொன்ன ஒரே ஆள் நான்.