ஒரு சாண் மேல்மண்

எனக்குப் பொதுவாக யாரோடும் வம்பு கிடையாது, ஐயா. பன்னிரண்டு வருட வேலையில் ஒரு நாள்கூடத் தாமதமாகக் கையெழுத்துப் போட்டதில்லை. நீங்கள் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் வீட்டுக்குப் போக வேண்டும், எனக்கும் பெரிதாக மறைக்க ஒன்றும் இல்லை.

சுரங்கத்தில் என் வேலை மேல்மண் மேற்பார்வை. பள்ளம் தோண்டும் முன் நிலத்தின் மேல்தோலை ஒரு சாண் ஆழத்துக்கு வழித்தெடுத்துத் தனியாகக் குவித்து வைப்போம். அதற்குக் கீழே இருக்கும் களிமண்ணும் கல்லும் கழிவு. அது வேறு இடத்துக்குப் போகும். தாதுவை எடுத்து முடித்துப் பள்ளத்தை மூடியதும், பத்திரப்படுத்திய மேல்மண்ணைத் திரும்பப் பரப்பி நிலத்தை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பார்கள். பூமிக்கு அந்த ஒரு சாண்தான். விதை, வேர், புழு, கண்ணுக்குத் தெரியாத கோடி ஜீவன் எல்லாம் அதில்தான் குடியிருக்கின்றன.

என் பொறுப்பில் மூன்று குவியல்கள் இருந்தன. மூன்றும் என் மச்சானின் இருபது ஏக்கரிலிருந்து வந்தவை. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தபோது அவர் கம்பெனியிடம் கேட்டது ஒன்றுதான்: "என் மண்ணை எனக்கே திருப்பிக் குடுத்துடணும்." அந்த வேலைக்கு என்னைப் போடச் சொல்லிச் சிபாரிசு செய்தவரும் அவரே. "மாப்ள பாத்துக்கிட்டா எனக்கு நிம்மதி," என்றார். நான் பார்த்துக்கொண்டேன். அதில் யாரும் என்மேல் குறை சொல்ல முடியாது.

மேல்மண் குவியலுக்கென்று விதிகள் உண்டு. இரண்டு மீட்டருக்கு மேல் உயரம் கூடாது. கூடினால் உள்ளே காற்றுப் போகாமல் மூச்சு முட்டி மண் செத்துவிடும். மேலே வண்டி ஏறக்கூடாது. புல் விதைத்து மூடி வைக்க வேண்டும். எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தேன். நான்கு விரல் கூடுதலாக ஏற்றிக் கொட்டிய புல்டோசர்காரரை இறங்கச் சொல்லி, கூடுதல் மண்ணைக் கையால் அள்ள வைத்தேன். மேலாளர் ஒருமுறை போட்டோ எடுக்க மேலே ஏறப் பார்த்தார். செருப்பைக் கழற்றச் சொன்னேன். கழற்றினார். தான் மேலாளர் என்பது பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

மழைக்காலத்தில் சரிவு கரையாமலிருக்க எங்கள் வீட்டு ஜன்னல் திரைகளைக் கொண்டுபோய்ப் போர்த்தினேன். அடுத்த மழைக்குப் போர்வைகளை. என் மனைவி தங்கமானவள், வாய்தான் கொஞ்சம் நீளம். "ஏங்க, பேசாம அந்தக் குவியலையே கட்டிக்கிட்டிருக்கலாமே," என்றாள். "மூணு இருக்கே," என்றேன். அன்று எனக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை.

ஏழாவது வருடம் பள்ளத்தை மூடினார்கள். குவியல்களை எடுத்துப் பரப்பும்படி உத்தரவு வந்தது. மச்சான் வீட்டுக்கே வந்துவிட்டார். அவருக்கு இருந்த சந்தோஷத்தில் உட்காரக்கூட முடியவில்லை. "முதல்ல நல்லா ஆழமா உழணும் மாப்ள. அப்புறம் இருபது ஏக்கரும் வெங்காயம்," என்றார்.

உழுவது என்றால் என்னவென்று நீங்கள் யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா, ஐயா? இரும்பை உள்ளே விட்டுக் குடலைப் புரட்டிப் போடுவது. ஏழு வருடம் ஒரு செருப்புக்கால் படாமல் நான் வைத்திருந்ததை. அதற்கு மேல் வெங்காயம் வேறு. நான் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. விவரம் தெரியாத மனிதர். குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் காலை குவியல்களின் முன்னால் இருந்த பெயர்ப் பலகைகளைப் பிடுங்கி இடம் மாற்றி நட்டேன். 'மேல்மண்' என்ற பலகை களிமண்ணுக்கு, 'கழிவு' என்ற பலகை என் மூன்றுக்கும். பத்து நிமிட வேலை. சுரங்கத்தில் எல்லோரும் பலகையைப் பார்த்துத்தான் வண்டியை ஓட்டுவார்கள். மண்ணைப் பார்க்கிறவன் நான் ஒருவன்தான்.

ஒரு சிக்கல் இருந்தது. கழிவுக் குவியல்கள் எல்லாம் குன்று மாதிரி நிற்பவை. அவற்றுக்கு நடுவே ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே மூன்று குட்டிகள், தலை வாரிவிட்டது போலப் புல்லோடு, ஜன்னல் திரை போர்த்திக்கொண்டு இருந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். ஆகவே மூன்றையும் ஒன்றாகத் தள்ளி எட்டு மீட்டருக்கு ஏற்றச் சொன்னேன். எல்லாம் அதன் பாதுகாப்புக்காகத்தான்.

புல்டோசர்காரர் தலையைச் சொறிந்தார். "சார், நேத்து வரைக்கும் இது மேல்மண்ணா இருந்துச்சே? நாலு விரலுக்கே என்னைக் கையால அள்ள வெச்சீங்களே?"

"பலகையைப் படி," என்றேன்.

படித்தார். கழிவுக்கு உயர வரம்பு கிடையாது. ஏற்றினார்.

மச்சானின் இருபது ஏக்கரில் களிமண்ணைக் கொட்டிச் சமப்படுத்தி, கைகுலுக்கி ஒப்படைத்தார்கள். நானும் கைதட்டினேன். முதல் வருடம் வெங்காயம் முளைக்கவில்லை. இரண்டாம் வருடம் முளைத்தது, கோலிக்குண்டு அளவில். மூன்றாம் வருடம் கலப்பையே உடைந்தது. மழை பெய்தால் அந்த நிலம் குளம், வெயில் அடித்தால் செங்கல். ஒவ்வொரு வருடமும் அவர் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து, "என் மண்ணு என்னை மறந்துடுச்சா மாப்ள?" என்று கேட்பார். எனக்குப் பாவமாக இருக்கும். அதற்காக ஆலோசனை சொல்லாமல் இருந்ததில்லை. உரம் போடச் சொன்னேன், நேரத்தோடு எழுந்திருக்கச் சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொல்லிக்கூடப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஐந்தாம் வருடம் விவசாயத்தை விட்டுவிட்டு முப்பது ஆடு வாங்கினார். மனம் விட்டுப்போன மனிதருக்கு ஆடு நல்ல துணை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். என் கணக்கு அங்கேதான் தப்பியது. ஆட்டுக்குப் பலகை படிக்கத் தெரியாது.

முப்பதும் வேலியைத் தாண்டி வந்து, 'கழிவு' என்று எழுதிய குவியலின் மேல் ஏறிக்கொண்டு இறங்க மறுத்துவிட்டன. அங்கே இடுப்பளவு புல். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி ஒவ்வொன்றிடமும் பணிவாகக் கேட்டுப் பார்த்தேன். பிறகு மச்சான் வந்து ஏறினார். குனிந்து ஒரு செடியைப் பிடுங்கினார். அது களை. நிலம் அவரிடம் இருந்த காலத்தில் தினமும் திட்டித் திட்டிப் பிடுங்கிய, வேறெங்கும் அவர் பார்த்திராத களை. அதைக் கையில் வைத்துக்கொண்டு சின்னப்பிள்ளை போல அழுதார். களையைப் பார்த்து அழுத விவசாயி உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

பிறகு நீங்கள் அனுப்பிய மண் பரிசோதனை அம்மா வந்தார். நீளமான துளைக்கம்பியைக் குவியலின் உச்சியில் இறக்கினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மேலே ஒரு முழம் வரைக்கும் நல்ல கறுப்பு, மண்வாசனை, புழு. அதற்குக் கீழே சாம்பல் நிறம், அழுகிய முட்டை நாற்றம்.

"மேல ஒரு முழம்தாங்க உயிரோட இருக்கு. உள்ள எல்லாம் செத்து வருஷக்கணக்காச்சு," என்றார். "இவ்வளவு உயரத்துக்கு ஏத்துனது யாரு?"

புல்டோசர்காரர் என்னைப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்தேன்.

அந்த அறிக்கையை நான் ஏற்கவில்லை, ஐயா. அது தூங்குகிறது. எட்டு மீட்டர் போர்த்திக்கொண்டால் யாருக்குத்தான் தூக்கம் வராது? என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, திரைகளையும் போர்வைகளையும் உதறி எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். துவைத்துத் திருப்பித் தருவாள் என்று நினைக்கிறேன்.

மச்சான் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. பக்கத்தில் வந்து நின்று, "கேட்டிருந்தா ஒரு ஓரமா உங்களுக்குன்னு கொஞ்சம் விட்டிருப்பேனே மாப்ள," என்றார். எனக்குக் கண் கலங்கியது, அதை மறைக்கவில்லை. பிறகு அவர் மறுபடி மேலே ஏறி, உயிரோடு இருந்த அந்த ஒரு முழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்.

ஆக, பலகைகளை மாற்றியது நான். அவர் நிலத்துக்குக் களிமண்ணை அனுப்பியது நான். எட்டு மீட்டருக்கு ஏற்றியதும் நான். மூன்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன், பேனாவை இப்படிக் கொடுங்கள். ஆனால் நியாயம் எல்லோருக்கும் ஒன்றுதானே, ஐயா? அந்த ஒரு பிடிக்காக அவர் மேல் ஒரு திருட்டுப் புகாரும் எழுதிக்கொள்ளுங்கள்.