டேகெயாரில் ஒரு இடம்

"டேகெயாரில இடம் கிடைச்சிட்டுதாம். இனிப் பிள்ளைதான் வேணும்."

மோர்னிங்சைட்டிலிருந்து புறப்பட்ட காலை பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் தன் கணவனிடம் இப்படிச் சொன்னாள். நான் கைப்பேசியை மடியில் வைத்துவிட்டேன்.

"வெயிற்றிங் லிஸ்ட் நீளம் எண்டு முந்தியே பேரைக் குடுத்தது நீர்தானே?"

"வீடு வாங்கின உடன பிள்ளை எண்டு நீங்கள் சொன்னபடியால்தான் குடுத்தனான். பிறகு வீட்டு மோர்ட்கேஜ் கடன் கொஞ்சம் இறங்கட்டும் எண்டனீங்கள். பிள்ளைக்கெண்டு பெயின்ற் அடிச்ச அறையில இப்ப ஒரு ஸ்டூடன்ற் வாடகைக்கு இருக்கிறான்."

"புரமோஷன் வரட்டும் எண்டது ஆர்?"

"வந்ததுதானே. வேலையால வந்தால் சப்பாத்துக் கழட்டவும் சீவனில்லை. இதுக்குள்ள பிள்ளையோ?"

"அப்ப வேண்டாமெண்டு சொல்லும்."

"சொன்னால் திரும்பவும் கடைசியிலதான் நிக்கவேணும். இண்டைக்கே பதில் வேணுமாம்."

அதற்குள் டேகெயாரிலிருந்தே போன் வந்துவிட்டது. அவள் ஆங்கிலத்தில் மிகக் கனிவாகப் பேசினாள். பிள்ளைக்குச் சுகமில்லையாம். கொஞ்ச நாள் வீட்டில் ஓய்வாக இருக்கவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறாராம். இடத்தை மட்டும் வைத்திருக்க முடியுமா என்று கேட்டாள்.

அவள் போனை வைத்ததும் கணவன் அவள் பக்கம் திரும்பினான்.

"அஞ்சு வருஷமா நீர் ஒருநாள் சிக் லீவு எடுக்கேல்லை. உம்மட பிள்ளை பிறக்க முதலே எடுத்திட்டுது."

"பிள்ளையாவது கொஞ்சம் ஆறுதலா இருக்கட்டும்," என்றபடி அவள் மடியில் லாப்டொப்பைத் திறந்தாள்.